மூழ்குவதற்கு முன் பார்த்துவிட வேண்டுமாம்!

பதிவு நீளம். காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்காருங்கள். முதல் பத்தியிலேயே லைக் போட்டுவிட்டு ஓடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

94 பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பயணத் திட்டம் வந்தது. போகப்போகும் நாடு துவாலு. திட்டத்தின் தலைப்பு ‘மூழ்குவதற்கு முன் ஒருமுறை’. இதுவரை 14 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் என் அண்ணன் வீட்டுப் பிள்ளைகள். சென்னையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து ஃபிஜி, ஃபிஜியிலிருந்து சின்ன விமானத்தில் துவாலு. அங்கே மொத்தம் மூன்று இரவு. முதல் நாள் காயலில் குளியல். இரண்டாம் நாள் டிரோன் படப்பிடிப்பு. மூன்றாம் நாள் கடல் அரித்த கரையாகப் பார்த்து ‘மூழ்கும் நாட்டில் 94 பேட்ச்’ என்று பேனர் பிடித்து குரூப் போட்டோ. திட்டம் போட்ட தம்பி எனக்குத் தனியாக ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறான். “டீச்சர், நீங்கதானே ஜியாகிரபி. பேனர்ல போட ரெண்டு வரி எழுதிக் கொடுங்க.”

இரண்டு வரி வராது தம்பி. இந்தப் பதிவுதான் வரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துவாலுவுக்கு யாரும் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் காரணத்துக்காக, இந்த முறையில் போவதைத்தான் எதிர்க்கிறேன். ஒரு நாட்டுக்குப் போகத் திட்டம் போடுகிறவர்கள், அந்த ஊரில் என்ன இருக்கிறது, எது பற்றாக்குறை என்பதில் தொடங்க வேண்டும். உங்கள் திட்டம் பேனரில் தொடங்குகிறது.

கொஞ்சம் வகுப்பு எடுக்கிறேன். உலகப் படத்தில் ஆஸ்திரேலியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே விரலை வையுங்கள். அங்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கும் 9 தீவுகள்தான் துவாலு. ஒன்பதையும் சேர்த்து நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் 11,000 பேர். அவர்களில் பாதிக்கு மேல் தலைநகரான ஃபுனாஃபுட்டியில் இருக்கிறார்கள். அந்தப் பவளத்தீவில் அரசு அலுவலகம், விமான நிலையம், மருத்துவமனை எல்லாம் இருக்கும் திட்டுக்கு ஃபொங்காஃபாலே என்று பெயர். சுமார் 12 கிலோமீட்டர் நீளம். அகலமான இடத்தில் 400 மீட்டர், குறுகலான இடத்தில் வெறும் 20 மீட்டர். ஒரு பக்கம் காயல், மறுபக்கம் பசிபிக் பெருங்கடல்.

துவாலு என்ற சொல்லுக்கு ‘எட்டும் சேர்ந்து நிற்பது’ என்று பொருள். பழங்காலத்திலிருந்து ஆள் இருந்த தீவுகள் எட்டு. வெள்ளைக்காரர் காலத்தில் எல்லிஸ் தீவுகள் என்ற பெயரில், பக்கத்து கில்பர்ட் தீவுகளோடு சேர்த்து ஒரே காலனியாகக் கட்டிவைத்திருந்தார்கள். 1974-இல் பிரிந்து போகலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. பிரிந்தால் பாஸ்பேட் வருமானத்தில் பங்கு கிடையாது, காலனியின் சொத்தில் ஒரே ஒரு கப்பல்தான் கிடைக்கும் என்பது நிபந்தனை. அப்படியும் பத்தில் ஒன்பது பேர் பிரிவதற்கே வாக்களித்தார்கள். 1978 அக்டோபர் 1-இல் தனி நாடு ஆனார்கள். ஒரு கப்பலை வாங்கிக்கொண்டு தனிக்குடித்தனம் போன ரோஷக்காரர்கள். அவர்கள் வீட்டு வாசலில்தான் நீங்கள் ‘மூழ்கும் நாடு’ என்று பேனர் பிடிக்கப் போகிறீர்கள்.

இப்போது அந்த ‘மூழ்கும்’ என்ற சொல்லைப் பார்ப்போம். 2018-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 1971 முதல் 2014 வரை எடுத்த வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, துவாலுவின் 101 திட்டுகளை ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார்கள். சில திட்டுகள் சுருங்கியிருந்தன. பல திட்டுகள் வளர்ந்திருந்தன. மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருந்தது. காரணம் எளிது. பவளத்தீவு என்பது கருங்கல் மலை மாதிரி அசையாமல் நிற்பது கிடையாது. திட்டைச் சுற்றியுள்ள பவளப்பாறை உயிரோடு இருக்கும்வரை அது உடைந்து மணலும் சரளையுமாகிறது. புயலும் அலையும் அதைக் கரையில் கொண்டுவந்து கொட்டுகின்றன. ஒரு பக்கம் அரிக்கும், இன்னொரு பக்கம் சேரும்.

உடனே “அப்போ கடல் மட்டம் உயர்றது பொய்யா டீச்சர்?” என்று கிளம்பாதீர்கள். கடல் மட்டம் உயர்கிறது, அது உண்மை. ஆனால் அங்கே ஆபத்து வருவது சினிமாவில் கப்பல் மூழ்குகிற மாதிரி இல்லை. பவளத்தரை சல்லடை போன்றது. ஆண்டின் தொடக்கத்தில் உயர் ஓதம் வரும்போது, கடல்நீர் கரையைத் தாண்டி வருவதோடு, தரைக்கு அடியிலிருந்தும் ஊறி மேலே வருகிறது. வீட்டு முற்றத்தில், சாலை ஓரத்தில், விமான ஓடுபாதைக்குப் பக்கத்தில் உப்புத்தண்ணீர் குமிழியிட்டு நிற்கும். அங்கே புலாகா என்று ஒரு கிழங்கு உண்டு. நம் சேப்பங்கிழங்குக்குத் தாயாதி. தரையில் பெரிய குழி வெட்டி, அடியில் நிற்கும் நல்ல தண்ணீரை நம்பிப் பயிரிடுவார்கள். குழியில் உப்பு ஏறினால் கிழங்கு அழுகிவிடும். நிலத்தின் பரப்பு கூடினாலும் அந்த நிலத்தில் குடிக்கவும் பயிரிடவும் முடியாமல் போகலாம். இதுதான் அவர்களுடைய கவலை. இதை உங்கள் டிரோன் படம் பிடிக்காது. மேலிருந்து பார்த்தால் பச்சையும் நீலமுமாக அழகாகத்தான் தெரியும்.

சாகப்போகிற கிழவியைக் கடைசியாகப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொந்தக்காரர்கள் கிளம்புவது உண்டு. அதிலாவது கிழவிமேல் பாசம் இருக்கும். கிழவி எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டால் சந்தோஷப்படுவார்கள். உங்கள் தலைப்பைப் படித்தால், அந்த நாடு மூழ்காமல் இருந்துவிட்டால் போட்ட காசு வீண் என்பது மாதிரி இருக்கிறது.

அந்த நாட்டு மக்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று உங்களில் ஒருவராவது தேடிப் பார்த்தீர்களா? 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுக்கு அவர்களுடைய அப்போதைய வெளியுறவு அமைச்சர் சைமன் கோஃபே, கோட்டும் டையுமாக முழங்கால் அளவு கடல்நீரில் நின்று பேசிய வீடியோவை அனுப்பினார். அது உங்கள் எல்லாருக்கும் வந்தது, பகிர்ந்தீர்கள், எனக்கும் ஐந்தாறு பேர் அனுப்பினீர்கள். அதன்பிறகு நடந்ததை யாரும் எனக்கு அனுப்பவில்லை. தலைநகரின் காயல் ஓரத்தில் மணலை வாரிக் கொட்டி, உயர்த்தி, சுமார் 7 ஹெக்டேர் புது நிலம் உருவாக்கியிருக்கிறார்கள். 2023-இல் அரசியலமைப்பையே திருத்தினார்கள். கடலால் நிலத்துக்கு என்ன ஆனாலும் துவாலு என்ற நாடு என்றென்றும் நாடாகவே இருக்கும் என்று அதில் எழுதிவைத்தார்கள். ‘என்றென்றும்’ என்று சட்டத்தில் எழுதிவைத்தவர்களிடம் போய் ‘மூழ்குவதற்கு முன்’ என்று சொல்வதற்கு நமக்கு எவ்வளவு தைரியம்!

இங்கே ஒருவர் கேட்பார் என்று தெரியும். குழுவிலும் ஒருவர் எழுதியிருக்கிறார். “அவங்களே ஆஸ்திரேலியாவுக்கு ஓடத் தயாரா இருக்காங்க டீச்சர். பாதிப் பேருக்கு மேல விசாவுக்கு எழுதிப் போட்டுட்டாங்க.” செய்தி சரிதான். 2023 நவம்பரில் இரண்டு நாடுகளும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அது 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 280 துவாலு மக்கள் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாக வசிக்கலாம், படிக்கலாம், வேலை பார்க்கலாம். 2025-இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரையும் சேர்த்து எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள்.

ஆனால் இதற்கு ‘ஓடுகிறார்கள்’ என்று பொருள் சொல்வது யார்? இந்தப் பதிவைப் படிப்பவர்களில் எத்தனை பேர் நியூ ஜெர்சியிலும் சிட்னியிலும் டொராண்டோவிலும் இருக்கிறீர்கள்? கிரீன் கார்டுக்குப் பத்து வருஷம், பதினைந்து வருஷம் காத்திருக்கிறீர்களே, உங்கள் ஊர் மூழ்கிவிட்டது என்றா? கோயில் கொடைக்கு வருகிறீர்கள். அப்பா கட்டிய வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறீர்கள். பிள்ளைக்கு மொட்டை போட இங்கேதான் வருகிறீர்கள். துவாலுக்காரர்களும் அந்த விசாவில் போகலாம், வரலாம், மறுபடி ஊரிலேயே இருந்துகொள்ளலாம். நாம் பெயர் கொடுத்தால் முன்னேற்றம், அவர்கள் பெயர் கொடுத்தால் தப்பியோட்டம். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

சரி, தலைப்பை மாற்றிவிடுகிறோம், பேனரைக் கிழித்துவிடுகிறோம், அப்போது போகலாமா என்று கேட்பீர்கள். திட்டத்திலும் எனக்கு மூன்று ஆட்சேபணைகள் இருக்கின்றன.

முதலாவது, விமான இருக்கை. ஃபிஜியிலிருந்து ஃபுனாஃபுட்டிக்கு வாரத்தில் சில நாட்கள்தான் விமானம். சுமார் 70 பேர் உட்காரும் ஏடிஆர் விமானம். நீங்கள் 14 பேர். ஐந்தில் ஒரு பங்கு. அந்த விமானம் சுற்றுலா வண்டி இல்லை. அது அந்த நாட்டுக்கு டவுன் பஸ், ஆம்புலன்ஸ், காலேஜ் பஸ் எல்லாம் சேர்ந்த ஒன்று. நாட்டில் இருப்பது ஒரே மருத்துவமனை. அங்கே பார்க்க முடியாத நோயாளிகளை அரசு செலவிலேயே ஃபிஜிக்கு அனுப்புகிறார்கள். மேற்படிப்புக்குப் போகும் பிள்ளைகளும் சுவா நகரத்துக்கு அதில்தான் போக வேண்டும். காசு கொடுத்து டிக்கெட் வாங்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரே விமானத்தில் 14 இருக்கையை மூன்று இரவுக்காகப் பிடித்து, மூன்றாம் நாளே திரும்பும் விமானத்திலும் 14 இருக்கையைப் பிடிப்பது என்ன நியாயம்? இரண்டு இரண்டு பேராகப் போய், பத்துப் பதினைந்து நாள் இருந்துவிட்டு வந்தால் அந்தப் பஸ்ஸில் நெரிசல் தெரியாது. ஆனால் குரூப் போட்டோ கிடைக்காது. எது முக்கியம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். அங்கே ஆறு கிடையாது, ஏரி கிடையாது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடித்துத்தான் குடிக்கிறார்கள், குளிக்கிறார்கள். 2011-இல் மழை பொய்த்தபோது அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. தலைநகரில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு வாளி தண்ணீர்தான், அதாவது 40 லிட்டர். ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்களை விமானத்தில் கொண்டுவந்து இறக்கின. இப்போது நம் கணக்குக்கு வருவோம். நம் ஆட்கள் வெயில் ஊருக்குப் போனால் இரண்டு வேளை குளிப்பார்கள். கடலில் குளித்துவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் ஒருமுறை கூடுதலாகக் குளிப்பார்கள். துணி அலசுவார்கள். ஆளுக்கு 100 லிட்டர் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். 14 பேருக்கு ஒரு நாளைக்கு 1,400 லிட்டர். பஞ்ச காலத்தில் 35 வீடுகளுக்குக் கொடுத்த தண்ணீர். 2019 கோடையில் சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அந்தச் சமயத்தில் பக்கத்துத் தெருவுக்கு 14 விருந்தாளிகள் வந்து ஷவரைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடியிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? உங்கள் திட்டத்தில் டிரோனுக்கு மாற்று பேட்டரி எத்தனை என்று எழுதியிருக்கிறது. மழை எப்போது, தொட்டி நிலவரம் என்ன என்று ஒரு வரி இல்லை.

மூன்றாவது, குப்பை. அங்கே கொண்டுபோகும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பையும் அங்கேயேதான் கிடக்கும். குப்பைக் கிடங்கு அந்த ஒல்லித் திட்டின் வடக்கு முனையில் இருக்கிறது. அதற்கு அப்பால் கடல். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை இறக்குமதி செய்யக்கூடாது என்று 2019-லேயே விதி கொண்டுவந்துவிட்டார்கள். உங்கள் பட்டியலில் ‘ரெடிமேட் புளியோதரை 60 பாக்கெட்’ என்று இருக்கிறது. புளியோதரையை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த 60 கவர் எங்கே போகும் என்று சொல்லுங்கள்.

வந்து போகிறவர்கள் எதை விட்டுப்போவார்கள் என்பதற்கு அந்த ஊரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில், 1943-இல், அமெரிக்கப் படை அங்கே விமான ஓடுபாதை போட்டது. தென்னை மரங்களை வெட்டினார்கள். ஓடுபாதைக்குக் கொட்டத் தரையிலிருந்தே பவளக்கல்லைத் தோண்டி எடுத்தார்கள். போர் முடிந்தது, போய்விட்டார்கள். தோண்டிய குழிகள் அப்படியே கிடந்தன. அதில் உப்புத்தண்ணீரும் குப்பையும் நிறைந்தன. இடம் இல்லாத ஏழைகள் அந்தக் குழிகளின் ஓரத்திலேயே கால் நட்டுக் குடிசை போட்டு வாழ்ந்தார்கள். நியூசிலாந்து உதவியோடு அவற்றை நிரப்பி முடித்தது 2015-இல். எழுபது ஆண்டுக்கு மேல்! அந்த ஓடுபாதையில்தான் இன்றும் விமானம் இறங்குகிறது. விமானம் இல்லாத மாலை வேளைகளில் ஊரே அங்கே கூடி விளையாடும், நடக்கும். விமானம் வருகிறது என்றால் சைரன் ஊதும், எல்லாரும் விலகிக்கொள்வார்கள். உங்கள் திட்டத்தில் இது ‘வேடிக்கையான காட்சி’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. இடம் இல்லாதவர்கள் இருக்கும் ஒரே திறந்த வெளியைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அதில் வேடிக்கை என்ன இருக்கிறது?

இன்னும் பின்னால் போனால், 1863-இல் பெரு நாட்டுக்கு ஆள் பிடிக்க வந்த கப்பல்கள் ஃபுனாஃபுட்டியிலிருந்தும் நுகுலாயிலாய் தீவிலிருந்தும் நூற்றுக்கணக்கானவர்களை ஏமாற்றி ஏற்றிக்கொண்டு போயின. திரும்பி வந்தவர்கள் அநேகமாக இல்லை. 1896 முதல் 1898 வரை லண்டன் ராயல் சொசைட்டி ஆட்களை அனுப்பியது. பவளத்தீவு எப்படி உருவாகிறது என்று டார்வின் சொன்ன கருத்தைச் சோதிக்க, சுமார் 340 மீட்டர் ஆழம்வரை துளை போட்டார்கள். நான் வகுப்பில் படம் வரைந்து காட்டிய அதே டார்வின் கருத்துதான். அந்தக் குழுவோடு போனவர்களில் ஒருவர் விஞ்ஞானி எட்ஜ்வொர்த் டேவிட்டின் மனைவி கரோலின் டேவிட். அவர் மூன்று மாதம் தங்கி, அந்த மக்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார், 1899-இல் வெளிவந்தது. ஆள் பிடிக்க வந்தவர்கள், துளை போட வந்தவர்கள், ஓடுபாதை போட வந்தவர்கள் என்று எல்லாரும் தங்கள் வேலைக்காக வந்தார்கள். ஒரு பெண்மணி மூன்று மாதம் உட்கார்ந்து பார்த்ததை எழுதிவைத்தார். நூற்றுச் சொச்சம் ஆண்டு கழித்து நாம் மூன்று இரவுக்குப் போகிறோம், டிரோனோடு.

“நாங்க போனா அவங்களுக்கு வருமானம்தானே டீச்சர்” என்பது அடுத்த வாதம். நல்ல வாதம், நான் ஒதுக்கவில்லை. ஆனால் துவாலு நம் சில்லறையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. அவர்கள் கடல் பரப்பில் சூரை மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமத் தொகைதான் பெரிய வருமானம். இணையத்தில் ‘டாட் டிவி’ என்று முடியும் முகவரிகளைப் பார்த்திருப்பீர்கள், அது துவாலுவுக்கு உரிய எழுத்து. அதை வாடகைக்கு விட்டுப் பணம் வாங்குகிறார்கள். அந்தப் பணம் வந்ததும்தான் 2000-இல் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினராகச் சேரும் செலவைத் தாங்க முடிந்தது. உங்கள் பணம் அவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்றால், அது உள்ளூர் விடுதிக்காரர் கையிலும், மீன் விற்பவர் கையிலும், பாய் முடையும் பெண்கள் கையிலும் போய்ச் சேர வேண்டும். மூன்று இரவில் உங்கள் செலவில் முக்கால்வாசி விமானக் கம்பெனிகளுக்குப் போகும். பதினைந்து நாள் தங்கினால் அதே விமானச் செலவுக்கு ஊருக்குள் ஐந்து மடங்கு பணம் புழங்கும். வருமானம் என்ற வாதமே ‘தங்கு’ என்றுதான் சொல்கிறது.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து இந்த வழியில் போகச் சுமார் 12,500 கிலோமீட்டர், திரும்பி வர அவ்வளவு. ஆளுக்கு ஏறக்குறைய 2 டன் கரியமில வாயு. ஓர் இந்தியர் சராசரியாக ஓராண்டு முழுக்க வெளியிடுவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கடல் உயர்கிறதே என்று உச்சுக்கொட்டுவதற்காக, கடல் உயரக் காரணமானதையே ஓர் ஆண்டுக்கணக்கு ஊதிவிட்டு வருவது. இதற்காக யாரும் விமானமே ஏறக்கூடாது என்று நான் உபதேசம் செய்யவில்லை. பேரனைப் பார்க்க நானும் விமானம் ஏறுகிறவள்தான். இவ்வளவு விலை கொடுத்துப் போனால், அதற்குத் தகுந்த காரணமும் தகுந்த நாட்களும் வேண்டும் என்கிறேன்.

கடைசியாக, ‘உலகிலேயே ரொம்பக் குறைவான பேர் போகும் நாடு’ என்ற பெருமை. உங்களில் சிலர் நாடுகளை எண்ணிக்கொண்டு இருக்கிறீர்கள். 43, 51 என்று முகநூல் பக்கத்தில் பார்க்கிறேன். தபால்தலை சேர்ப்பதை நான் ஊக்குவித்தேன், உண்மை. தபால்தலையில் தண்ணீர்த் தொட்டி கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை விழுவதற்காக 11,000 பேர் ஊருக்குள் போய் நிற்பது வேறு விஷயம்.

இனி, போகத்தான் வேண்டும் என்கிறவர்களுக்கு என் திட்டம்:

1. இரண்டு மூன்று பேராகப் பிரிந்து போங்கள். குறைந்தது இரண்டு வாரம். லீவு கிடைக்காதவர்கள் லீவு கிடைக்கும் ஆண்டில் போகட்டும். நாடு அங்கேயேதான் இருக்கும்.

2. விமானம் தள்ளிப்போனால் அந்த ஊர் ஆட்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். நீங்களும் காத்திருக்கத் தகுந்த மாதிரி முன்னும் பின்னும் நாள் விட்டு டிக்கெட் போடுங்கள். நோயாளிக்கு இடம் வேண்டும் என்று கேட்டால் எழுந்து கொடுக்கும் மனசோடு போங்கள்.

3. விடுதிக்கு எழுதும் முதல் கடிதத்தில் ‘ஏசி இருக்கிறதா’ என்று கேட்காதீர்கள். ‘தண்ணீர் நிலவரம் எப்படி, எந்த மாதம் வந்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது’ என்று கேளுங்கள். ஒரு வாளியில் குளிக்கப் பழகிக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டிமார் அப்படித்தான் குளித்தார்கள்.

4. செலவுக்கு ஆஸ்திரேலிய டாலர் ரொக்கமாக வேண்டும். நாட்டின் முதல் ஏடிஎம்மே 2025-இல்தான் வந்தது. நம்மூர் கார்டை நம்பிப் போய் நிற்காதீர்கள்.

5. கொண்டுபோகும் கவர், பாட்டில், பேட்டரி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவாருங்கள். பெட்டியில் அதற்கு இடம் விட்டுப் போங்கள்.

6. ஞாயிற்றுக்கிழமை அங்கே தேவாலயத்துக்கும் ஓய்வுக்குமான நாள். அன்றைக்குக் கும்மாளம் வேண்டாம். ஊருக்குள் அரைகுறை உடையில் திரியாதீர்கள். மனியாபா என்ற ஊர்ச் சபைக் கூடத்துக்கு அழைத்தால், சம்மணம் போட்டு உட்காருங்கள், யார் பக்கமும் காலை நீட்டாதீர்கள். இதெல்லாம் நம் வீட்டில் சொல்லிக்கொடுத்ததுதான்.

7. டிரோன் வீட்டிலேயே இருக்கட்டும். யார் வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்றாலும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

இவ்வளவுக்கு நேரம் இல்லை என்கிறவர்கள் ஃபிஜியோடு நின்றுகொள்ளுங்கள். எப்படியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும், அங்கே உங்களுக்கு வேலையும் இருக்கிறது. 1903 முதல் மதராஸ் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏறிய நம் ஆட்களின் பேரன் பேத்திகள் அங்கே இருக்கிறார்கள். 1926-இல் அவர்கள் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. நாந்தி ஊரில் சிவசுப்பிரமணியர் கோயில் கோபுரத்தோடு நிற்கிறது. அவர்களில் பலருக்குத் தமிழ் நாக்கிலிருந்து போய்விட்டது, முருகன் போகவில்லை. இதைக் கேட்க மூன்று இரவு போதாது என்றாலும், இங்கே உங்கள் வருகை யாருடைய தண்ணீர்த் தொட்டியையும் காலி செய்யாது.

ஆஸ்திரேலியாவோடு துவாலு போட்ட அந்த ஒப்பந்தத்துக்கு ‘ஃபலேபிலி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். துவாலு மொழிச் சொல். அடுத்தடுத்த வீட்டில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் சொந்த வீட்டு ஆள் மாதிரிப் பார்த்துக்கொள்ளும் கடமை என்று பொருள். நாம் அவர்களுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் இல்லை, 12,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறோம். ஆனால் அவர்கள் முற்றத்தில் ஊறும் கடல்நீரில் நம் புகையும் இருக்கிறது. அந்த அளவுக்காவது பக்கத்து வீடு.

ஆகவே தம்பி, அந்தத் திட்டத்தை எடுத்துவிட்டு வேறு எழுது. பேனருக்கு என்னிடம் வரி இல்லை. மாற்றி எழுதிய திட்டத்தை வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவில் போடு. நான் சிவப்புப் பேனாவோடு காத்திருக்கிறேன். அண்ணன் பிள்ளைகளே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

எல்லாரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஜியாகிரபி டீச்சர்

பின்குறிப்பு: கீழே ‘சூப்பர் டீச்சர்’ என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். எதிர்க்கருத்து இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.